பெரிய வெள்ளியில் அடித்த மணி

பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் கோவிலில் மணி அடிக்கக் கூடாது. வியாழன் சாயங்காலப் பூசையில் வானவர் கீதம் பாடும்போது இருக்கிற மணி எல்லாவற்றையும் கைவலிக்க அடித்து ஓய்ந்தால், சனிக்கிழமை இரவுப் பூசையில் மறுபடியும் வானவர் கீதம் வரும்வரை கோபுரத்து மணியும் ஊமை, பீடத்துக் கைமணியும் ஊமை. ஆர்கனை மூடித் துணி போர்த்திவிடுவோம். ஏதாவது அடித்துத்தான் ஆகவேண்டும் என்றால் மரக்கட்டையைத் தட்டுவார்கள். ஆண்டவர் செத்துக் கிடக்கும்போது மணி ஒரு கேடா என்பது கத்தோலிக்கர்களின் நியாயம்.

இந்த விஷயத்தில் எங்கள் பங்கில் என்னைவிடக் கறாரான ஆள் கிடையாது. ரெமிஜியஸ் என்றால் பெங்களூர் ஜோகுபாளையத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது, பாட்டு ரெமி என்றால் எல்லாருக்கும் தெரியும். பாடகர் குழுவுக்கு நான்தான் தலைவன். ஆர்கன் இல்லாத பெரிய வெள்ளியில் வெறும் தொண்டையால் சுருதி எடுத்துக் கொடுத்து நாற்பது பேரை ஒன்றாகப் பாடவைப்பதில் எனக்கு ஒரு திமிர் உண்டு. அந்தத் திமிரை ஆண்டவர் கவனித்திருப்பார் போலிருக்கிறது.

1996-ஆம் வருஷத்துப் பெரிய வெள்ளி. மூன்று மணி வழிபாடு. ஃபாதர் பீடத்துக்கு முன்னால் தரையில் முகங்குப்புற விழுந்து கிடக்கிறார். ஜனம் முழுக்க முழந்தாளில். யாரும் இருமக்கூட இல்லை. அந்த மௌனத்தில் எனக்கு ஒரு மணிச் சத்தம் கேட்டது. அடித்த சத்தம் இல்லை. அடித்து முடித்த பிறகு ஒரு மெல்லிய இழை மட்டும் கொஞ்ச நேரம் இழுக்குமே, அது. நின்றுவிடும் என்று பார்த்தேன். நிற்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நேராகப் பீடத்துக்குப் பின்னால் இருக்கும் அறைக்குப் போனேன். அங்கே கோவில்பிள்ளை ஓஸ்வால்ட் தூபத்துக்குக் கரி ஊதிக்கொண்டிருந்தான். மெழுகுவர்த்தி ஏற்றுவது, மணி அடிப்பது, கோவிலைப் பூட்டுவது எல்லாம் அவன் வேலை.

"எவன்டா மணியை அடிச்சது?" என்றேன்.

"இன்னாண்ணா சொல்ற? மணியெல்லாம் நேத்தே பீரோல வெச்சுப் பூட்டியாச்சு."

"கேக்குதே. உனுக்குக் கேக்கல? தொறடா பீரோவ."

திறந்தான். கைமணி நான்கும் ஊதாத் துணியில் சுருட்டி வைத்தபடி இருந்தன. நம்பாமல் ஒவ்வொன்றின் மேலும் கை வைத்துப் பார்த்தேன், ஏதாவது அதிர்கிறதா என்று. எல்லாம் சில்லென்று கிடந்தன. சத்தம் மட்டும் இருந்தது. கடைசியில் கோபத்தில் இரண்டு காதையும் விரலால் அடைத்தேன். இடது காதுக்குள் சத்தம் கூடியது. விரலை எடுத்துவிட்டு, பீரோவைப் பூட்டச் சொன்னேன்.

ஓஸ்வால்டுக்கு வாயில் எதுவும் தங்காது. ஈஸ்டர் முடிவதற்குள் பங்கு முழுக்கப் பரவிவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் பெரிய வாரம் முடிந்தால் நாலு பேர் நடுவில் வைத்துக் கேட்பான்: "இன்னா ரெமி அண்ணா, இந்த வருஷம் யாருன்னா மணி அடிச்சாங்களா?" எல்லாரும் சிரிப்பார்கள். முதல் வருஷம் நானும் சிரித்தேன்.

எப்படி வந்தது என்பதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. இருபத்தைந்து வருஷம் ஒரு தொழிற்சாலையில் இன்ஜின்களை ஓட்டிப் பார்க்கும் கூடத்தில் நின்றவன் நான். காதுக்கு மாட்டிக்கொள்ளக் கொடுத்த சாதனம் வியர்வையில் கசகசக்கிறது என்று ஆணியில் தொங்கவிட்டோம். நான் மட்டும் இல்லை, எல்லாரும்தான். வலது காது சின்ன வயதிலேயே சீழ் வைத்து ஓட்டை விழுந்த காது, கத்தினால் கேட்கும். ஆக, உருப்படியாக இருந்தது இடது காது ஒன்றுதான். சத்தம் அதிலேதான் குடியேறியது.

என் மனைவி யூனிஸ் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சி.எஸ்.ஐ. சபை, புராட்டஸ்டண்ட் வீட்டுப் பெண். பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரம் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவள், ஆகையால் என்னைச் சகித்துக்கொள்வது அவளுக்குப் பெரிய காரியம் இல்லை என்று பாடகர் குழுவில் கேலி செய்வார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் இரண்டே குரல். காலையில் நான் சவரம் செய்துகொள்ளும்போது அவள் பக்கத்தில் நின்று தமிழ்ப் பேப்பரைச் சத்தமாகப் படிப்பாள். படிப்பதோடு விட மாட்டாள். மந்திரி பேச்சுக்கு மதிப்பெண் போடுவாள், விலைவாசிக்குத் திட்டுவாள், வரன் தேடும் விளம்பரத்தைப் படித்துவிட்டு, "இவனுக்கெல்லாம் யாருங்க பொண்ணு குடுப்பாங்க" என்பாள். கல்யாணமான வாரத்தில் ஆரம்பித்த பழக்கம். எனக்கு உலக விஷயம் தெரிந்ததெல்லாம் அவள் குரலில்தான்.

காதில் சத்தம் என்று சொன்னால் போதும், பெங்களூரில் ஆட்டோக்காரனிலிருந்து ஆயர்வரை எல்லாரும் வைத்தியர்கள். நல்லெண்ணெயில் பூண்டைக் காய்ச்சி ஊற்றச் சொன்னார்கள், ஊற்றினேன். சிவாஜிநகரில் ஒரு ஹக்கீம் கறுப்பாக ஏதோ சொட்டு மருந்து கொடுத்தார், காது வெந்துபோயிற்று. அல்சூரில் ஒரு ஹோமியோபதிக்காரர் சர்க்கரை உருண்டை கொடுத்துக் காபியை நிறுத்தச் சொன்னார். காபி போனது, சத்தம் போகவில்லை. காது டாக்டர்கள் மூன்று பேரைப் பார்த்தேன். தலைசுற்றலுக்குக் கொடுக்கிற மாத்திரை ஒருவர், சத்து மாத்திரை ஒருவர், தூக்க மாத்திரை ஒருவர். மூன்றாவது ஆள் என் தோளில் தட்டி, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாட்கொள்ளி" என்றார். கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று, பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் நாலாவது ஆள் வந்து சொல்கிற கன்னட வார்த்தை அது. என் காதுக்குள் உட்கார்ந்திருப்பவன் நகரவும் மாட்டான், அடுத்த ஸ்டாப்பில் இறங்கவும் மாட்டான் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது?

ஒரு தடவை குணமளிக்கும் தியானத்துக்குப் போனோம். பிரசங்கியார் என் தலையில் கை வைத்து மைக்கில், "செவிட்டு ஆவியே, வெளியே போ" என்று போட்ட சத்தத்தில் ஒலிபெருக்கி கிரீச்சிட்டது. அடுத்த ஒரு வாரம் என் மணிக்குத் துணையாக இன்னொரு மணி அடித்தது. "ஆவி போகலீங்க, கூட்டாளியக் கூட்டிட்டு வந்துடுச்சு" என்றாள் யூனிஸ். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இருப்பது அதுவே கடைசி.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். தலைவலியாவது எல்லாருக்கும் ஒரு தடவை வந்திருக்கும். இது யாருக்கும் தெரியாது. காயம் இல்லை, வீக்கம் இல்லை, காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. "நாங்களும்தான் ராத்திரில சில்வண்டு சத்தம் கேக்குறோம்" என்பார்கள். அறைய வேண்டும் போலிருக்கும்.

படுத்தால்தான் கொடுமை. ஒரு நாள் தற்செயலாகக் கண்டுபிடித்தேன்: ரேடியோவில் எந்த ஸ்டேஷனும் பிடிக்காத இடத்தில் முள்ளை நிறுத்தினால் வருகிற இரைச்சல், சத்தத்தைக் கொஞ்சம் மூடியது. அதிலிருந்து எங்கள் தலைமாட்டில் விடிய விடிய ரேடியோ இரைந்தது. யூனிஸ் விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போக வேண்டியவள். அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் அவள் எப்படித் தூங்கினாள் என்றால், தூங்கவில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. வகுப்பிலேயே ஒரு நாள் மேஜை மேல் சாய்ந்துவிட்டதாக இன்னொரு டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரேடியோவை நிறுத்து என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.

பாட்டும் போயிற்று. 1999 பெரிய வெள்ளியில் சுருதி எடுக்கும்போது என் காதுக்குள் இருக்கும் சத்தத்தை ஒட்டி எடுத்துவிட்டேன். எங்கேயோ உச்சாணிக் கொம்பில் போய் உட்கார்ந்தது. பெண்கள் பக்கம் எல்லாருக்கும் தொண்டை உடைந்து, ஜனம் வரிசையாக வந்து சிலுவையை முத்தமிடுகிற நேரத்தில் பாட்டு பாதியில் நின்றது. நின்ற பிறகும் எனக்கு அந்தச் சுருதி கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாளே ஃபாதரிடம் பாட்டுப் புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். வேண்டாம் என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். வாங்கிக்கொண்டார்.

அடுத்த வருஷம் விருப்ப ஓய்வில் வேலையையும் விட்டேன். அது இன்னும் பெரிய முட்டாள்தனம். பகலெல்லாம் வீட்டில் நானும் மணியும் மட்டும். ஒரு காலையில் யூனிஸ் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது நடுவில் சொன்னேன், செத்துப்போனால் இது நின்றுவிடும் இல்லையா என்று. சும்மா சொல்லவில்லை. நிஜமாகவே அந்த யோசனை எனக்கு ஆறுதலாக இருந்தது. அவள் பேப்பரை மடித்து வைத்தாள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை, அடுத்த நாளும் போகவில்லை. நான் குளிக்கப் போனால் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றாள்.

அந்த வாரம்தான் ஒரு சர்ஜனைப் பார்த்தோம். யாரோ சொல்லிப் போனது. நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பை வெட்டிவிடலாம் என்றார்.

"சத்தம் போகலாம், போகாமலும் இருக்கலாம். பாதிக்குப் பாதி. ஆனா அந்தக் காது கேக்கறது போறது மட்டும் நிச்சயம். உங்களுக்கு வலது காது வேற சரியில்ல. நானா இதைச் செய்யுங்கன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு பேரும் யோசிச்சு வாங்க. மனைவி கையெழுத்து இல்லாம நான் தொட மாட்டேன்."

பாதிக்குப் பாதி என்றதில் எனக்கு ஒரு பாதிதான் காதில் விழுந்தது. பஸ் ஸ்டாப்பிலேயே ஆரம்பித்துவிட்டேன், நாளைக்கே கையெழுத்துப் போடு என்று. யூனிஸ் வீடு வந்து செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"முடியாதுங்க."

"ஏன்? காது என்னுது."

"காது உங்களுது. அதுல கேக்கறது என் குரல். இந்த வீட்டுல இருக்கறதே ரெண்டு குரல், அதுல ஒண்ண வெட்டிப்போட நானே கையெழுத்துப் போடணுமா? நான் யார்கிட்டங்க பேசுவேன்? காலைல யாருக்குப் படிக்கறது?"

"நீயே படிச்சுக்கோ. மந்திரி என்ன பேசினா எனக்கென்ன?"

அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். ஆனாலும் வாபஸ் வாங்கவில்லை. அப்படி ஒரு நிலைமை. இரண்டு மாதம் இதே சண்டை. நான் கெஞ்சினேன், கத்தினேன், சாப்பிடாமல் கிடந்தேன். செவிடன் காதில் ஊதின சங்கு என்பார்கள். எங்கள் வீட்டில் செவிடன்தான் ஊதிக்கொண்டிருந்தான்.

கடைசியில் யூனிஸ் ஒரு நிபந்தனை போட்டாள். காதையும் பேச்சையும் பரிசோதிக்கிற இடம் ஒன்று இருக்கிறது, அங்கே ஒரே ஒரு தடவை வாருங்கள், அதற்குப் பிறகு யோசிக்கலாம் என்றாள். போனோம்.

அங்கே இருந்த பெண்ணுக்கு சௌம்யா என்று பேர். மைசூரில் படித்தவள், கன்னடத்துக்காரி, தமிழைக் கன்னடம் கலந்து சுமாராகப் பேசினாள். இத்தனை வருஷத்தில் என் சத்தம் எப்படி இருக்கும் என்று முதலில் கேட்டவள் அவள்தான். கண்ணாடி வைத்த சின்ன அறையில் என்னை உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, ஒரு மெஷினைத் திருகித் திருகி ஒவ்வொரு சத்தமாகக் கொடுத்தாள். "இதுவா? மேலயா? கீழயா?" நான் பாட்டுக்காரன் இல்லையா, விடவில்லை. இன்னும் ஒரு இம்மி மேலே, இல்லை, அரை இம்மி கீழே என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் வந்து நின்றது. மெஷினில் இருக்கிறதா காதில் இருக்கிறதா என்று பிரிக்க முடியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. முதல் முறையாக அது எனக்கு வெளியே இருந்தது.

"அப்படியே வெச்சுரும்மா. திருகாத. இவளுக்கு மாட்டு" என்றேன்.

யூனிஸ் மாட்டிக்கொண்டாள். கொஞ்சம் கேட்டாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"இவ்ளோ சின்னதாவா?" என்றாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. இதற்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று அவள் கண்ணில் ஓடியதைப் பார்த்தேன். சௌம்யாவும் பார்த்தாள்.

"எல்லாருக்கும் சின்னதாத்தான் இருக்கும் மேடம்" என்றாள். "நீங்க அதை கழட்ட வேண்டா. நான் இன்னொரு பேஷண்ட் பாத்துட்டு பர்றேன். அதுவரை நீங்க என்ன வேலை இருக்கோ மாடுங்க."

யூனிஸின் பையில் பரீட்சைத் தாள் கட்டு எப்போதும் இருக்கும். எடுத்துத் திருத்த உட்கார்ந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தாளை வேகமாகத் திருத்தினாள். இரண்டாவது தாளில் கூட்டிப்போட்டதை அடித்து மறுபடி கூட்டினாள். மூன்றாவது தாளில் பேனா ஒரே இடத்தில் நின்றுவிட்டது. தலையை ஒரு பக்கம் ஆட்டினாள், ஈயை விரட்டுகிற மாதிரி. எழுந்து ஜன்னல்வரை வயர் எட்டும் மட்டும் போய் நின்றாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். அவள் கை ஹெட்ஃபோனுக்குப் போவதும், கழற்றக்கூடாது என்று இறங்குவதுமாக இருந்தது. சௌம்யா திரும்பி வருவதற்குள் அதைப் பிடுங்கி மேஜையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

நான் பரீட்சைத் தாள்களைச் சேர்த்து அடுக்கினேன்.

"நின்னுடுச்சுங்க" என்றாள். மேஜையில் கிடந்த ஹெட்ஃபோனைக் காட்டினாள். "நான் கழட்டிட்டேன். நின்னுடுச்சு. உங்களால கழட்ட முடியாதுல்ல?"

சௌம்யா வந்தவுடன் நான் ஆபரேஷன் விஷயத்தைச் சொன்னேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பேசினாள். சத்தம் காதில் ஆரம்பித்திருக்கும், இப்போது அது மூளையில் இருக்கிறது; வயரை வெட்டினால் மூளை சும்மா இருக்கும் என்று நம்ப முடியாது. கால் வெட்டின ஆட்களுக்கு இல்லாத காலில் அரிப்பு எடுக்கும், கேள்விப்பட்டதில்லையா என்றாள். கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் தொழிற்சாலையில் சுப்ரமணியன் என்று ஒருவனுக்கு மெஷினில் விரல் போயிற்று. மழைக்காலத்தில் அந்த இல்லாத விரல் வலிக்கிறது என்று வெறுங்காற்றைத் தேய்த்துக்கொண்டிருப்பான். நாங்கள் அவனைக் கேலி செய்திருக்கிறோம்.

காதில் மாட்டிக்கொள்கிற ஒரு சின்ன மெஷின் இருக்கிறது, அது மெல்லிய இரைச்சல் கொடுக்கும், கூடவே வாரா வாரம் வந்து பேச வேண்டும், ஒன்றரை வருஷத்தில் சத்தம் இருக்கும், ஆனால் உங்களைத் தொந்தரவு பண்ணாது என்றாள் சௌம்யா. "இருக்கும்" என்று அவள் சொன்ன வார்த்தையிலேயே நான் நின்றுவிட்டேன். ஐந்து வருஷம் தூங்காதவனிடம் ஒன்றரை வருஷம் என்றால், தாகத்தில் விழுந்து கிடப்பவனிடம் கிணறு வெட்டலாம் என்கிற மாதிரி. அவள் சொன்னதுதான் சரியான வழி என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குப் புத்தி இருந்த இடத்தில் மணி இருந்தது.

யூனிஸ் மட்டும் மனம் மாறாமல் இருந்திருந்தால் ஒருவேளை அந்த மெஷினை மாட்டிக்கொண்டிருப்பேன். அவள் கையெழுத்துப் போடாதவரை வேறு வழி இருந்திருக்காது. ஆனால் அந்தப் பரீட்சைத் தாள் வேளை அவளை என்னவோ செய்துவிட்டது. திரும்பி வரும் பஸ்ஸில், ட்ரினிட்டி சர்ச் தாண்டும்போது, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"போட்டுர்றேங்க. கையெழுத்து."

"சௌம்யா சொன்னதைக் கேட்டியா?"

"கேட்டேன். அந்தப் பொண்ணு சொல்றது நியாயந்தான். ஆனா ஒன்றரை வருஷம் நீங்க இருக்கணுமே. கழட்ட முடியாததைக் காதுல மாட்டிக்கிட்டு இருக்கற மனுஷன்கிட்ட, என் குரலுக்காகப் பொறுத்துக்கோங்கன்னு நான் எந்த வாயால சொல்வேன்? நான் பேசலைன்னா பரவால்ல. நீங்க தூங்குங்க."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

2001 பிப்ரவரியில், தவக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஆபரேஷன் நடந்தது. அன்று காலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டேன். யூனிஸ் பேப்பர் படித்தாள். குஜராத் பூகம்பத்தில் இன்னும் இடிபாடு அள்ளிக்கொண்டிருந்தார்கள். அதைப் படித்தாள், பெட்ரோல் விலை படித்தாள், வரன் விளம்பரம் ஒன்று விடாமல் படித்தாள். கருத்து ஒன்றும் சொல்லவில்லை. ஸ்ட்ரெச்சர் வந்த பிறகும் கடைசிப் பக்கத்தில் கிரிக்கெட் மிச்சம் இருந்தது. அவளுக்குக் கிரிக்கெட் பிடிக்காது. படித்து முடித்தாள்.

கண் விழித்தபோது உலகம் கழன்றுபோயிருந்தது. நர்ஸ் ட்ரேயைக் கீழே போட்டாள், பார்த்தேன், சத்தம் இல்லை. கட்டில் சுற்றியது. குமட்டியது. ஃபேன் சுற்றியது, சத்தம் இல்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நான் ஆண்டவருக்கு நன்றி சொல்லத் தொடங்கினேன்.

அப்புறம் அது வந்தது. அதே இழை. அதே சுருதி, அரை இம்மிகூட மாறவில்லை. முன்பு அதைச் சுற்றி ஃபேனும் பஸ்ஸும் பக்கத்து வீட்டுக் குக்கரும் யூனிஸின் குரலும் இருந்தன. இப்போது எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு நடு வீட்டில் அது மட்டும் உட்கார்ந்திருந்தது.

யூனிஸ் என் வலது காதில் வாயை வைத்து, பின் பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள். எனக்கு எங்கோ சுவருக்கு அப்பால் கேட்டது.

"போச்சாங்க?"

அவள் முகத்தைப் பார்த்தேன். கருவளையம், நரைத்த முன்முடி, உலர்ந்த உதடு. விரல் நுனியில் பேனா மை. கையெழுத்துப் போட்ட கை. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால், என் காதைத் தானே வெட்டினதாக அந்தக் கையைச் சாகும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

"போச்சு" என்றேன்.

அவள் கட்டிலின் ஓரத்தில் தலையை வைத்து அழுதாள். முதுகு குலுங்குவதை வைத்துத்தான் தெரிந்தது.

ஒரு மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். யூனிஸ் ஒரு சிலேட்டு வாங்கி வந்தாள். முக்கியமானதைக் கத்துவாள், மற்றதை எழுதுவாள். காலையில் பேப்பரை என் மடியில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாள். இரவு ரேடியோவை நான் வலது காதோடு ஒட்டி, முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டால் மணியின் மேல் ஒரு மெல்லிய துணி விழுந்த மாதிரி இருந்தது. பழக்கதோஷம் என்று அவளிடம் சொன்னேன். ஒரு வாரம் விட்டாள். பிறகு ஒரு நாள் சாயங்காலம் தலைமாட்டில் ரேடியோ இல்லை. சிலேட்டில் எழுதினாள்: "ஓஸ்வால்டுக்குக் கொடுத்துட்டேன். நேர்த்திக்கடன். இனிமே நமக்கு எதுக்கு?"

நல்லது என்றேன்.

அன்று இரவு அவள் தூங்கினாள். ஐந்து வருஷத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினாள். வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, ஒரு கையை என் மேல் போட்டுக்கொண்டு. நான் பக்கத்தில் மல்லாந்து படுத்து மணியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுப்பிச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ இரவு வாயெடுத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் அவள் கண்ணுக்குக் கீழே கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது. அதைப் பார்த்தால் வாய் மூடிக்கொள்ளும்.

பெரிய வாரம் வந்தது. வெள்ளிக்கிழமை நான் போகவில்லை, தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை இரவுப் பூசைக்கு யூனிஸ் கட்டாயப்படுத்தி அழைத்துப்போனாள். நெருப்பு மந்திரித்து, பெரிய மெழுகுவர்த்தி ஏற்றி, இருட்டுக் கோவிலில் ஒவ்வொருவர் கையிலும் வெளிச்சம் பரவி, நீண்ட வாசகங்கள் எல்லாம் முடிந்தன. எனக்கு எல்லாம் வாயசைப்பு. பிறகு கோவில் விளக்குகள் மொத்தமும் எரிந்தன. ஃபாதரின் கை உயர்ந்தது. வானவர் கீதம்.

ஓஸ்வால்ட் கோபுரத்துக் கயிற்றில் தொங்கி ஆடினான். பீடத்தில் சிறுவர்கள் கைமணிகளை உதறு உதறு என்று உதறினார்கள். பாடகர் குழுவில் நாற்பது வாயும் ஒன்றாகத் திறந்தன. என் வலது காதில் தூரத்தில் யாரோ தகரத்தைத் தட்டுகிற மாதிரி ஏதோ வந்து போயிற்று. இரண்டு நாள் ஊமையாக இருந்த மணிகள் எல்லாருக்கும் திரும்ப வந்துவிட்டன. யூனிஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்கு இது கேட்காமல் போனதே என்கிற துக்கம் அவள் முகத்தில். நான் அவளைப் பார்த்துச் சிரித்து, நெஞ்சில் கை வைத்து, அமைதியாக இருக்கிறது என்று காட்டினேன். அவள் துக்கம் கலைந்தது.

பூசை முடிந்து வாசலில் கும்பலாக நின்றோம். ஓஸ்வால்ட் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தான். என் தோளைப் பிடித்து, வாயைக் கோணி, ஏதோ சொன்னான். சுற்றி இருந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்கள். யூனிஸ் தயங்கவில்லை. அவளுக்கு அது இப்போது வெறும் வேடிக்கை. என் காதில் வாயை வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினாள்:

"ஓஸ்வால்ட் கேக்கறாருங்க. இந்த வருஷம் பெரிய வெள்ளில யாருன்னா மணி அடிச்சாங்களான்னு."

என் குரல் எவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கு இப்போதெல்லாம் தெரிவதில்லை. தெருமுனைவரை திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்லப்பா" என்றேன். "யாரும் அடிக்கல."

ஓஸ்வால்ட் சிரித்தான், மற்றவர்களும் சிரித்தார்கள். யூனிஸ் முந்தானையால் வாயை மூடப் பார்த்து, முடியாமல், தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரிப்பதைப் பார்த்தேன்.